நுரை இறங்கட்டும்



இந்த வாரம் ஒரு சிறு சொல்லைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். "நுரை" என்பதே அச்சொல். இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். துவைக்கிற கல்லிலும் முகம் கழுவுகிற கையிலும் தோன்றி, கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துபோகிற ஒன்றுக்கு ஒரு கட்டுரையா என்று சிரிக்கவும் சிரிக்கலாம். சற்றே பொறுமையாய் வாசியுங்கள். அற்பமான பொருள்கள் சில வேளைகளில் பெரிய மனச்சாட்சிக் கேள்விகளைச் சுமந்துகொண்டு நம் வாசலுக்கு வருவதுண்டு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் நுரை, மலையாளத்தில் நுர, கன்னடத்தில் நொரெ, தெலுங்கில் நுருகு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப்போல் இவை முகஜாடையில் ஒத்திருக்கின்றன. கடையில் சவுக்காரக் கட்டி வந்து இறங்குவதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் முன்னோர் இச்சொல்லை வழங்கி வந்தார்கள். பூந்திக்கொட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்தால் வருவது நுரை. சீயக்காயைத் தலையில் தேய்த்தால் வருவது நுரை. கறந்த பாலின்மேல் நிற்பது நுரை. ஐப்பசி கார்த்திகையில் நம் உத்திரமேரூர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போது தண்ணீர் நுங்கும் நுரையுமாகப் போகிறது என்கிறோம். பாரவண்டியை மேட்டில் இழுக்கிற மாடு வாயில் நுரை தள்ளுகிறது. மூச்சு வாங்குகிற உறுப்புக்கே நுரையீரல் என்று பெயர் வைத்திருக்கிறோம். சித்த வைத்தியர் கடல்நுரை என்று சொல்லிக் கொடுப்பதோ நுரையே அல்ல. கணவாயின் ஓடு அது.

இத்தனை இடங்களில் வழங்கினாலும் இதன் உட்பொருள் ஒன்றே. மெல்லிய நீர்த்தோலுக்குள் சிறைப்பட்ட காற்றுதான் நுரை. பார்வைக்குப் பெரிது, நிறையில் சிறிது. ஆகையால்தான் கேள்வி பிறக்கிறது: பெரும்பாலும் காற்றேயான ஒன்றை நாம் நம்பலாமா? அதைக் காட்டிப் பிறரிடம் நம்பிக்கை பெறுவது நியாயமா?

இக்கேள்வியை நான் புத்தகத்தில் கற்கவில்லை. என் 12-ஆம் வயதில், கையில் பால்தூக்கோடு, ஒரு குடிசை வாசலில் கற்றேன்.

எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு கறவைப் பசு. அம்மா விடியுமுன் கறந்து கொடுப்பார். நான் தூக்கை எடுத்துக்கொண்டு வாடிக்கை வீடுகளுக்கு ஊற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். ஆழாக்குக் கணக்கில் அளந்து ஊற்றுவது வழக்கம். சில நாளில் ஒரு வித்தையைக் கண்டுபிடித்தேன். தூக்கை உயரத் தூக்கி ஊற்றினால் பால் ஆழாக்குக்குள் விழும் வேகத்தில் நுரை எழும்பி, விளிம்பு சீக்கிரம் நிறைந்துவிடும். எல்லா வீட்டுக்கும் ஊற்றி முடித்த பிறகும் தூக்கின் அடியில் கொஞ்சம் பால் மிஞ்சும். மிஞ்சியதைத் தேநீர்க் கடையில் ஊற்றினால் கையில் சில்லறை. அம்மாவுக்குத் தெரியாது.

என் வாடிக்கையில் ஓர் ஆயா இருந்தார். தாயில்லாத பேரப்பிள்ளைக்காக ஒரே ஓர் ஆழாக்கு வாங்குவார். ஒரு நாள் வழக்கம்போல் உயரத் தூக்கி ஊற்றி, "சரியா இருக்குது ஆயா, பாத்திரத்தைக் காட்டு" என்றேன். அவர் பாத்திரத்தை நீட்டவில்லை. என் கையிலிருந்த ஆழாக்கைப் பார்த்துக்கொண்டே, "நுரை இறங்கட்டும் தம்பி, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை" என்றார். இருவரும் நின்றோம். நுரை மெள்ள மெள்ள இறங்கிற்று. விளிம்புக்குக் கீழே ஒரு விரற்கடை வெறுமையாய் இருந்தது. ஆயா என்னைத் திட்டவில்லை. அந்த வெறுமையை ஒரு தடவையும் என் முகத்தை ஒரு தடவையும் பார்த்தார். அவ்வளவே.

வாசகரே, அன்று வழிநெடுக நான் எனக்காக வாதாடிக்கொண்டே போனேன். "நான் பாலில் தண்ணீர் கலக்கவில்லை. பொய்யான ஆழாக்கு வைத்திருக்கவில்லை. ஒரு பொய் வார்த்தை சொல்லவில்லை. ஆழாக்கு நிறைந்ததா? நிறைந்தது. நுரையும் அதே பாலின் நுரைதானே? பின்னே இதில் திருட்டு எங்கே?" என்று என் மனம் கேட்டது. பெரியவர்களும் இதே வாதத்தைச் செய்கிறார்கள் என்று பின்னால்தான் அறிந்தேன். மெய்யான வார்த்தைகளை மட்டும் சொல்லி, கேட்பவர் பொய்யான முடிவுக்கு வரும்படி செய்துவிட்டு, நான் பொய் சொல்லவில்லையே என்று கையைக் கழுவுகிறவர் எத்தனை பேர்!

இந்த வாதத்தின் ஓட்டை எங்கே? ஆழாக்கின் விளிம்பு ஒரு பாஷை. "இதுவரை நிறைந்தால் இவ்வளவு பால்" என்று விற்பவரும் வாங்குபவரும் ஒப்புக்கொண்ட பாஷை அது. நான் வாயால் பொய் சொல்லாவிட்டாலும் அந்த விளிம்பைக்கொண்டு பொய் சொல்ல வைத்தேன். ஆயா விலை கொடுத்தது பாலுக்கு. நான் கொடுத்ததில் ஒரு பங்கு காற்று. பொய் என்பது நாவில் மட்டும் இருப்பதன்று. நம்பிக் கண்ணை மூடுகிறவரின் நம்பிக்கையை நமக்குச் சாதகமாய் வளைப்பது எதுவோ அது பொய். அதனால் ஒருவருடைய பொருள் குறைந்தால் அது திருட்டும் ஆகும்.

நிற்க. இதனால் நுரையே வஞ்சகம், காட்சியெல்லாம் பாவம் என்று முடிவுகட்டிவிடலாமா? அதுவும் தவறு. நுரை உண்மை பேசுகிற இடங்களும் உண்டு. துவைக்கிற கல்லுக்கே போய்ப் பார்ப்போம்.

நுரை அதிகமானால் அழுக்கு அதிகமாய்ப் போகும் என்று நம்மில் அநேகர் எண்ணுகிறோம். உள்ளபடி அழுக்கை அகற்றுவது நுரை அன்று. சவுக்காரத்தின் மிக நுண்ணிய துகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைகள். ஒன்று தண்ணீரோடு சேரும். மற்றது எண்ணெய்ப் பிசுக்கோடு சேரும். இத்துகள்கள் பல கூடிப் பிசுக்கைச் சூழ்ந்து, துணியிலிருந்து பெயர்த்துத் தண்ணீரோடு அனுப்பிவிடுகின்றன. இவ்வேலை கண்ணுக்குத் தெரியாமல் துணியின் இழைக்குள்ளே நடக்கிறது. நுரையோ மேலே நிற்கிறது.

அழுக்கேறிய சட்டைக்கு முதல் தடவை சவுக்காரம் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். நுரை வந்தாலும் நிற்காது. சாம்பல் நிறமாய்ச் செத்துப்போகும். அலசிவிட்டு இரண்டாந்தடவை போட்டால் வெள்ளை வெளேரென்று எழும்பி நிற்கும். ஏன்? முதல் தடவை சவுக்காரம் பிசுக்கோடு மல்லுக்கட்டி அதிலேயே செலவாகிறது. பிசுக்கும் நுரையை உடைத்துவிடுகிறது. இரண்டாந்தடவை வேலை குறைவு. ஆகையால் நுரைக்க ஓய்வு இருக்கிறது. நுரை குறைந்த வேளையிலேதான் வேலை மிகுதியாக நடந்தது!

கிணற்றுக் கிணறு தண்ணீரும் வேறுபடும். பருப்பு வேகாத தண்ணீர் என்று நம் வீட்டுப் பெண்கள் சில கிணறுகளைச் சொல்வார்கள். அத்தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியச் சத்தும் மிகுதி. அதில் சவுக்காரம் போட்டால் எளிதில் நுரைக்காது. தயிர்த் திப்பிபோல் ஏதோ மிதக்கும். சவுக்காரம் மட்டம் என்று குற்றம் சொல்கிறோம். குற்றம் சவுக்காரத்தில் இல்லை. அது முதலில் தண்ணீரின் கடினத்தோடு போராடித் தன்னைச் செலவழிக்கிறது. மீந்த பிறகே நுரைக்க முடியும்.

மனிதரும் அப்படியே. கடினமான வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் சிரித்த முகமாய் இல்லை என்று குறை சொல்கிறோம். குடிகாரத் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை படிப்பில் சுடர்விடவில்லை என்கிறோம். அவர்கள் எந்தத் தண்ணீரில் கரைந்துகொண்டிருக்கிறார்கள் என்று நாம் கேட்டதுண்டா? நல்ல தண்ணீரில் நுரைப்பது பெரிய புண்ணியமா?

வாயில் தள்ளும் நுரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காக்காய் வலிப்பு கண்டவர் சந்தையிலே விழுந்து வாயில் நுரை தள்ளினால், பேய் என்று ஒதுங்குவோரும் கையில் சாவியைத் திணிப்போரும் இன்றும் உண்டு. மாற்கு சுவிசேஷத்தின் 9-ஆம் அதிகாரத்தில், நுரை தள்ளி விழுந்து புரண்ட பிள்ளையைத் தகப்பன் கொண்டுவந்தபோது, சேசுநாதர் அருவருத்து விலகவில்லை. எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது என்று விசாரித்து, முடிவில் கைபிடித்துத் தூக்கிவிட்டார் என்று வாசிக்கிறோம். நாம் செய்யக்கூடியது இவ்வளவே: அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்திலுள்ள கூரான பொருள்களை அகற்ற வேண்டும், வாயில் எதையும் திணிக்கவோ தண்ணீர் ஊற்றவோ கூடாது, வலிப்பு 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108 வண்டியை அழைக்க வேண்டும். அந்த நுரை வெட்கத்துக்குரியதன்று. உதவி கேட்கும் ஒரு குரல் அது.

இனி, நுரையீரலுக்கு வருவோம். பஞ்சுபோல் எண்ணற்ற சிறு காற்றறைகள் கொண்டதால் அதற்கு அப்பெயர் பொருத்தமே. நம் முன்னோர் அறிந்திராத மற்றொரு பொருத்தமும் அதில் உண்டு. அந்த அறைகளின் உட்சுவரில் சவுக்காரத்தின் தன்மையை ஒத்த ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. அது இல்லையேல் மூச்சை வெளியே விடுந்தோறும் அறைகள் ஒட்டிக்கொள்ளும். மாதம் நிறையுமுன் பிறக்கும் குழந்தைகள் சில மூச்சுத் திணறுவது இப்பூச்சுக் குறைவினாலேயே என்று 1959-இல் மேரி எல்லன் ஏவரி என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர், ஜியர் மீட் என்பவரோடு சேர்ந்து காட்டினார். 1963 ஆகஸ்டில் ஜனாதிபதி கென்னடியின் ஆண்குழந்தை பாட்ரிக் பிறந்து இரண்டே நாளில் இந்நோயால் இறந்தது. பெரிய தேசத்தின் தலைவரிடத்திலும் அன்று மருந்தில்லை. பிற்காலத்தில் அப்பூச்சையே மருந்தாகச் செலுத்தும் வழி வந்தது.

1972-இல் ஜான் கிளெமென்ட்ஸ் என்பவர் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். கருப்பையின் நீரில் சிறிது எடுத்து, சாராயச் சத்துக் கலந்து, குழாயில் குலுக்க வேண்டும். பிறகு 15 நிமிஷம் காத்திருக்க வேண்டும். நுரை நின்றால் குழந்தையின் நுரையீரல் முதிர்ந்தது, அழிந்துவிட்டால் ஆபத்து. வாசகரே, குலுக்கினவுடன் எழும்பும் நுரையை அந்த மருத்துவர் நம்பவில்லை என்பதைக் கவனியுங்கள். காத்திருந்த பிறகு நிற்பதையே நம்பினார். எங்கள் ஊர் ஆயாவும் அதையேதான் செய்தார்!

எச்சரிக்கையாய் எழும் நுரையும் உண்டு. பாலில் துணிசோப்புத் தூள் கலந்திருக்கிறதா என்று அறிய, பாலோடு சம அளவு தண்ணீர் சேர்த்து நன்றாய்க் குலுக்கச் சொல்கிறார்கள். சுத்தமான பாலானால் மெல்லிய நுரைதான் வரும்; கலப்படமானால் அடர்ந்து நிற்கும். பெங்களூரில் பெல்லந்தூர் ஏரியின் நுரை 2015-இல் தீப்பற்றியும் எரிந்தது. 2019 டிசம்பர் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் பனிபோல் நுரை குவிந்தபோது குழந்தைகள் அதை அள்ளி விளையாடினார்கள். ஊர்க் கழிவுநீர் சுத்தி செய்யப்படாமல் கடலில் கலந்ததன் அடையாளம் அது. அழகாயிருக்கிறதே என்று படம் பிடித்தவர் பலர். எங்கிருந்து வந்தது என்று கேட்டவர் சிலர்.

நம் ஊரின் பழைய பெருமையையும் இங்கே நினைக்கலாம். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழர் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகளை நீங்கள் அறிவீர்கள். 30 குடும்புகளிலிருந்து ஓலையில் பேரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்து, ஏரி வாரியம் முதலியவற்றுக்கு ஆட்களைத் தெரிந்தெடுத்தார்கள். அச்சபை பிராமணர்களின் சபை. ஊரில் உழைத்த ஜனங்களில் மிகுதிப்பேருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை என்பதை மறைக்கலாகாது. ஆயினும் அவர்கள் வகுத்த விதிகளில் ஒன்று இன்றைக்கும் நம்மை நிறுத்திக் கேட்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி அதில் வர முடியாது. பேச்சு வன்மை உள்ளவனா என்று அவ்விதி கேட்கவில்லை. கணக்குக் காட்டினவனா என்று கேட்டது. அதாவது, நுரை இறங்கின பிறகு பாத்திரத்தில் என்ன இருந்தது என்று பார்த்தார்கள். ஆயிரம் ஆண்டுக்குப் பின், ஊர்ச் சங்கங்களிலும் திருவிழாக் கமிட்டிகளிலும் இருக்கிற நாம் அந்தக் கல்லுக்கு முன் தலைநிமிர்ந்து நிற்போமா?

"அப்படியானால் சந்தோஷமாய்ப் பொங்குவதும் கூடாதா?" என்று ஒருவர் கேட்கக்கூடும். நன்றாய்ப் பொங்கலாம். தை முதல் நாளில் புதுப்பானையில் பால் நுரைத்து வழியும்போது பிள்ளைகள் கூவுகிறார்களே, அதில் வஞ்சகம் எங்கே இருக்கிறது? அந்த நுரையை ஒருவருக்கும் விற்பதில்லை. வழிந்து போகவே விடுகிறோம். பொங்கின பிறகு எல்லோருக்கும் பரிமாற அடியில் சோறு இருக்கிறது. உள்ளே உள்ளது மிகுந்து வெளியே வழிவது ஆனந்தம். உள்ளே இல்லாததை இருப்பதாய்க் காட்ட எழுப்புவது மோசம். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. வேறுபாட்டைக் காட்டுவது நேரம்.

ஆகையால் நான் கண்ட விதி எளிது. தீர்ப்புச் சொல்லுமுன் நுரை இறங்கும்வரை காத்திரு. கலியாணம் பேச வந்தவரின் உபசாரம், ஓட்டுக் கேட்பவரின் வாக்குறுதி, நண்பனின் புகழ்ச்சி, கணவன் மனைவியின் கோபத்தில் எழும்பின சொல், எல்லாவற்றையும் சற்று நேரம் வைத்துப் பார். நின்றது எதுவோ அதை எடுத்துக்கொள்.

ஆனால் இது பாதி விதிதான். மறுபாதியை அன்றிரவு அம்மா கற்றுக் கொடுத்தார். ஆயாவின் பார்வை என்னை உறங்கவிடவில்லை. எழுந்துபோய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அம்மா அடிக்கவில்லை. "எத்தனை நாளாய்?" என்று மட்டும் கேட்டார். நாள்களை எண்ணிச் சொன்னேன். "அத்தனை நாளைக்கு எல்லா வீட்டுக்கும் ஆழாக்குக்கு மேலே ஒரு கை சேர்த்து ஊத்து. நம்ம வீட்டுக்கு அத்தனை நாளும் பால் கிடையாது. ஆயா வீட்டிலே மட்டும் ஏன்னு சொல்லிட்டு ஊத்து" என்றார். பிறகு சொன்னார்: "அந்தக் கிழவி உன் எதிரே நிக்க வேண்டியதில்லைடா. நுரை இறங்கிறவரைக்கும் நிக்க வேண்டியவன் நீ. பாத்திரம் உன் கையிலேதானே இருந்துது?"

வாசகரே, இதுவே நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. ஏமாறாமல் காத்திருப்பது வாங்குகிறவரின் சாமர்த்தியம்; அவரைக் காத்திருக்க வைக்காமல், நாமே நுரையை இறக்கி மறுபடி நிரப்பிக் கொடுப்பது நம் கடமை. சாமர்த்தியம் இல்லாதவர்கள், அவசரத்தில் இருப்பவர்கள், கேட்கக் கூசுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு நம் நேர்மையைத் தவிர வேறு காவல் இல்லை. இப்போது பால் சங்கங்களில் தராசு வந்துவிட்டது. நிறுத்தால் நுரை ஏமாற்றாது. ஆனால் கூலி பேசுவதற்கும், சாமான் விற்பதற்கும், பிள்ளைக்குப் பாடம் சொல்வதற்கும், நோயாளிக்கு ஆறுதல் சொல்வதற்கும் தராசு ஏது? அங்கெல்லாம் ஆழாக்கு இன்னும் நம் கையிலேதான் இருக்கிறது.

கணக்குப்படி கூடுதல் ஊற்றித் தீர்ந்த மறுநாளும் ஆயா வீட்டில் நின்றேன். தூக்கைத் தாழ்த்தி மெள்ள ஊற்றி, நுரை இறங்கினதும் குறைந்ததை நிரப்பினேன். இந்தத் தடவை ஆயா ஆழாக்கைப் பார்க்கவேயில்லை. பேரப்பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டு பாத்திரத்தை நீட்டினார். ஒருவர் நம்மைப் பார்க்காமலே பாத்திரத்தை நீட்டுவதைவிடப் பெரிய மரியாதை எனக்கு இந்நாள்வரை கிடைத்ததில்லை.

இந்த வாரம் துணி துவைக்கும்போதோ பால் காய்ச்சும்போதோ நுரை எழும்பினால், ஒரு நிமிஷம் நின்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நான் யாருக்கு நுரையோடு அளந்து கொடுத்திருக்கிறேன்? பதில் வந்தால் தாமதியாதீர்கள். பாத்திரம் கையில் இருக்கும்போதே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.